மஞ்சள் அறையில் ஒரு நாற்காலி

சலவைக் கடையில் இஸ்திரி போடுபவள் ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், பூங்காவுக்குள் இருக்கும் பல்கலைக்கழக ஓவியக்கூடத்தில், செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு ஓர் ஓவியத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டாள். அவளும் அவள் கணவரான பூட்டு ரிப்பேர்க்காரரும் வெயிலுக்கு ஒதுங்க வந்து, அனுமதி இலவசம் என்ற பலகையைப் பார்த்து நுழைந்தவர்கள். பார்வையாளர்களுக்கான பெஞ்சுகள் அன்று பெயின்ட் அடிக்கப் போயிருந்தன. ஓவியத்தில் ஒரு மஞ்சள் அறை, ஒரு சன்னல், காலியாக ஒரு பிரம்பு நாற்காலி. பூட்டுக்காரர் எதிர்ச்சுவரில் இருந்த குதிரைப் படத்தை ரசித்துவிட்டுத் திரும்பியபோது நாற்காலி காலியாக இல்லை.

கூடத்தின் பொறுப்பாளர் அம்மாள் தங்கமானவர்தான், ஆனால் விதியை விடமாட்டார். "ஃபிரேமுக்குள்ள இருக்கறதெல்லாம் யுனிவர்சிட்டி சொத்துங்க. கமிட்டி சொன்னாத்தான் வெளிய விட முடியும்" என்றார். கமிட்டி கூடியது, டீ குடித்தது, ஆள் வந்த பிறகு படம் எடுப்பாகவே இருக்கிறது என்று தீர்மானித்து, 'காலி நாற்காலி' என்றிருந்த தலைப்பை 'உட்கார்ந்திருப்பவள்' என்று மாற்றிவிட்டுக் கலைந்தது. செருப்பை மட்டும் காவலாளி தினமும் தூசி தட்டி வைத்தார்.

கமிட்டி விட்டிருந்தாலும் அவள் வந்திருக்கமாட்டாள் என்பது வேறு விஷயம். எப்பேர்ப்பட்ட பூட்டையும் திறக்கும் மனிதர் தினமும் கடையைச் சாத்திவிட்டு ஓட்டமும் நடையுமாக வந்து, "வீட்டுக்கு வாயேன்" என்று கெஞ்சினார். "இப்பத்தானே உக்காந்தேன்" என்றாள், முகத்தைத் திருப்பாமல். அடுத்த வருஷமும் அதையேதான் சொன்னாள். பிறகு அவர் கெஞ்சுவதை விட்டுவிட்டு, பால் பொங்காமல் காய்ச்சுவது எப்படி, சோப்பு எங்கே இருக்கிறது, காலர் அழுக்கு எதில் போகும் என்று கேட்க ஆரம்பித்தார். அவளும் சன்னலைப் பார்த்தபடியே பதில் சொன்னாள். கலை படிக்கும் மாணவர்கள் கேள்வி, பதில் இரண்டையும் குறிப்பெடுத்துக்கொண்டார்கள். மூன்றாம் வருஷம் வீட்டு வேலையெல்லாம் அவருக்கே அத்துப்படியாகிவிட, கேட்பதற்கு ஒன்றுமில்லாமல் போயிற்று. இனி இவளிடம் என்ன பேசுவது என்று தெரியாமல் அவருக்கு உண்மையிலேயே பயமாக இருந்தது.

ஒரு நாள் மாலை வீட்டைக் கூட்டித் துடைத்து முடித்தபோது அவருக்குக் கால் இரண்டும் விண்விண்ணென்று தெறித்தன. வீட்டில் இரண்டே நாற்காலிகள். ஒன்று அவருடையது. இன்னொன்றில், கல்யாணமான நாளிலிருந்து, மடிக்காத துணி மலையாகக் கிடந்தது. அதில் அவள் உட்கார்ந்து அவர் பார்த்ததே இல்லை. கடையிலும் நின்றுகொண்டுதான் வேலை. பூட்டுக்காரர் கொஞ்ச நேரம் அழுதார். பிறகு துணியையெல்லாம் மடித்து அலமாரியில் அடுக்கி, நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

மறுநாள் படத்தின் முன் நின்று, "கால் ரொம்ப வலிச்சுதா?" என்று கேட்டார்.

முதல் தடவையாக அவள் திரும்பிப் பார்த்தாள். "இப்ப பரவால்ல."

"அந்த நாற்காலியில இருந்த துணியெல்லாம் மடிச்சு வெச்சுட்டேன்."

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு இறங்கி வந்து செருப்பை மாட்டிக்கொண்டாள். கமிட்டி மறுபடி கூடிப் பழைய தலைப்பையே வைத்தது.

இப்போதும் மாதத்தில் ஒன்றிரண்டு மதியம் அவள் போய் அங்கே உட்கார்ந்துவிட்டு வருகிறாள்; அன்றைக்குச் சமையல் அவருடையது. படத்தின் கீழே செருப்பு கிடந்தால், பார்க்க வருபவர்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டு குதிரைப் பக்கம் போய்விடுவார்கள்.