ஆடி கழியட்டும்

"ஜூவி, ஆனி முடியறதுக்குள்ள நான் வேளச்சேரிக்குப் போயிடணும்டி" என்று தாரணி சொன்னபோது ஜுவேரியா கல்லில் தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள். தோசை கருகியதுதான் மிச்சம்.

தாரணியின் அம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன். அண்ணன் வேளச்சேரியில் வீடு பார்த்துவிட்டான். ஆடி பிறந்துவிட்டால் குடிபோகக் கூடாது என்று ஊரிலிருந்து தினமும் நாலு போன். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் மந்தைவெளியில் இருவரும் சேர்ந்து எடுத்த இந்த மாடி வீட்டின் ஒப்பந்தம் மார்கழி வரை இருந்தது. இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டது. ஒருத்தி விலகினால் வீட்டுக்காரர் சம்மதத்தோடு இன்னொருத்தியைச் சேர்த்துக்கொள்ளலாம், இல்லாவிட்டால் மற்றவளும் காலி செய்ய வேண்டும் என்று அதிலேயே எழுதியிருந்தது.

வீடு தேடுவதென்றாலே ஜுவேரியாவுக்குப் பயம். ஆம்பூரிலிருந்து வந்து ஆஸ்பத்திரி லேபில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஏழு வீடு பார்த்தாள். போனில் "வாங்கம்மா" என்றவர்கள் பெயரைக் கேட்டதும், "இப்பதான் ஒருத்தர் அட்வான்ஸ் குடுத்துட்டுப் போனாரு" என்றார்கள். ஏழு வீட்டுக்கும் அட்வான்ஸ் கொடுத்த அந்த ஒருத்தர் பெரிய பணக்காரராகத்தான் இருக்க வேண்டும். எட்டாவது இந்த வீடு. வீட்டுக்காரரிடம் பேசி முடித்தது தாரணி.

ஜுவேரியா ஆள் தேடினாள். வந்து பார்த்த மூன்று பெண்களுக்கும் வீடு பிடித்தது, பால்கனி அதைவிடப் பிடித்தது. "ஆடி போகட்டும்க்கா, சொல்றோம்" என்று சொல்லிவைத்தாற்போல ஒரே பதிலைச் சொல்லிவிட்டுப் போனார்கள். ஆனி கடைசியில் தாரணி கண்ணைத் துடைத்துக்கொண்டே வண்டி ஏறினாள். ஆடி இரண்டாம் தேதிதான் தூபா கிடைத்தாள். லேபில் புதிதாகச் சேர்ந்தவள். "எனக்கேதுக்கா ஆடி? நாளைக்கே வரேன்" என்று சிரித்தாள்.

கீழ் வீட்டில் இருந்த வீட்டுக்காரர் சந்திரமௌலி மாமா, தூபாவின் ஆதார் நகலை வாங்கிக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். பெயரோடு படிப்பை நிறுத்திக்கொண்டார்.

"ஆடியில யாரையும் குடி வைக்கறதில்லேம்மா."

"அவளுக்கு ஆடி எல்லாம் கெடையாது மாமா."

"அவளுக்கு இல்லேம்மா, ஆத்துக்கு உண்டோன்னோ? ஆடி கழியட்டும். ஆவணி பொறந்ததும் பேஷாச் சேர்த்துக்கலாம். அதுவரைக்கும் நீ தனியா இருந்துக்கோ, நான் ஒண்ணும் சொல்லலை."

ஜுவேரியா நம்பினாள். வெள்ளிக்கிழமை தவறாமல் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தனுப்புகிற மனிதர். வயசானவர், அவர் வழக்கத்தை நாம் ஏன் கெடுக்க வேண்டும் என்று தூபாவிடம் அவருக்காகப் பரிந்து பேசினாள். திருவல்லிக்கேணியில் இரண்டு பேருக்கு ஓர் அறை காலியாக இருக்கிறது என்று தூபா சொன்னதையும் வேண்டாமென்றாள். "மாமா ரொம்ப தங்கமான ஆளுடி" என்று தாரணிக்குப் போன் போட்டு வேறு சொன்னாள். பைத்தியக்காரி.

ஆடி பத்து, ஞாயிற்றுக்கிழமை. காலையில் யாரோ கதவைத் தட்டினார்கள். இருபத்தைந்து வயதுப் பெண் ஒருத்தி கையில் டம்ளரோடு நின்றாள்.

"அக்கா, என் பேரு லாவண்யா. கீழ பின்பக்க போர்ஷனுக்கு வந்திருக்கோம். இப்பதான் பால் காய்ச்சினோம். எல்லா வீட்டுக்கும் குடுத்துட்டு வரேன்."

"ஆடியிலயா?"

"நாங்களும் யோசிச்சோம்க்கா. மாமாதான், வாடகை வீட்டுக்கு ஏது ஆடி, வந்துடுங்கோன்னு சொன்னாரு."

அந்தப் பெண் மேல் என்ன தப்பு? ஜுவேரியா அவள் எதிரிலேயே பாலைக் குடித்து, டம்ளரைக் கழுவிக் கொடுத்து, "நல்லா இருங்கம்மா" என்று சொல்லி அனுப்பினாள். கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள். முகத்துக்கு நேரே மாமா முடியாது என்று சொல்லியிருந்தால் இப்படி வலித்திருக்காது. ஏழு பேர் சொன்ன பொய்க்கு அழாதவள் இதற்கு அழுதாள். முகத்தைக் கழுவிக்கொண்டு தூபாவைக் கூப்பிட்டாள். திருவல்லிக்கேணி அறைக்கு முந்தாநாளே ஆள் வந்துவிட்டதாம்.

பிறகு தாரணியைக் கூப்பிட்டுச் சொன்னாள். தாரணி கொதித்துப் போனாள்.

"நீ எதுவும் பேசாத. நான் இப்பவே ரயில் புடிச்சு வரேன். எங்கிட்ட அவரால முடியாதுன்னு சொல்ல முடியாதுடி. நான் கேட்டா தூபாவைச் சேர்த்துக்கோன்னு சொல்லிடுவாரு பாரு."

"வராத தாரணி" என்றாள் ஜுவேரியா. "நீ கேட்டா குடுத்துடுவாரு. அதான் வேணாங்கறேன்."