ஜெர்மன் படையில் ஐந்து பாடகிகள்

உலகப்போரில் ஜெர்மனியை வென்றதைக் கொண்டாடும் வெற்றி நாள் விழாவுக்கு இளைஞர்கள் யாரும் வருவதில்லை என்று நகராட்சித் துணைத்தலைவர் துர்சுனுக்கு மனக்குறை. இந்த வருடம் கம்ப்யூட்டர் கேம் போட்டி வைத்துவிடலாம் என்று முடிவு செய்தார். கலாச்சார மாளிகையில் பெண்கள் பாட்டுக்குழுவை நடத்திவந்த பெர்மெத்தின் தலையில் அந்த வேலை விழுந்தது.

விளையாட்டு என்னவோ எளிதுதான். பெர்லினில் ஒரு கட்டடம். ஜெர்மன் படை அதைக் காக்க வேண்டும். செம்படை உள்ளே புகுந்து கூரையில் கொடி நட வேண்டும். பள்ளிப் பையன்கள் இரண்டு அணியாகப் பெயர் கொடுத்தார்கள். ஆனால் இரண்டுமே செம்படைதான் என்று அடம்பிடித்தன.

"கொள்ளுத்தாத்தா செம்படையில வாங்குன மெடல் வீட்டுச் சுவத்துல தொங்குதுக்கா," என்றான் அக்ஜோல். "நான் அந்தப் பக்கம் நின்னேன்னு தெரிஞ்சா அப்பா வீட்டுக்குள்ள விடமாட்டாரு."

பெர்மெத் துர்சுனிடம் போனாள்.

"ரெண்டு பக்கமும் நம்மாளுங்களா வச்சா என்னம்மா?"

"அப்புறம் யாரு யாரச் சுடுறது அண்ணே?"

"அப்ப ஜெர்மன் பக்கம் உன் பாட்டுக்காரிங்கள உக்கார வை. தோக்கத்தானே போறாங்க, அதுக்கென்ன பயிற்சி வேண்டிக்கிடக்கு?"

பையன்களில் கெட்டிக்காரர்கள் ஐந்து பேரைப் பொறுக்கிச் செம்படை ஆக்கினார்கள். பெர்மெத்தும் நான்கு பாடகிகளும் ஜெர்மானியர்கள். அக்ஜோலே வந்து சொல்லிக்கொடுத்தான். சுடுவது உடனே பிடிபட்டது. நடப்பதற்குத்தான் விரல் பின்னிக்கொண்டது.

"நடக்குறதெல்லாம் வேணாம்டா," என்றாள் பாடகிகளில் ஒருத்தி, சந்தையில் நூடுல்ஸ் விற்கும் அனார்கான். "நிக்கிற எடத்துலயே நின்னுக்குறோம்."

விழாவன்று அரங்கு நிறைந்திருந்தது. முன்வரிசையில் பதக்கம் குத்திய பெரியவர்கள். மேடையில் பெரிய திரை. தொலைக்காட்சிக்காரர்களும் வந்திருந்ததால், கொடி நடுகிறவன் தான்தான் என்று பையன்கள் ஒவ்வொருவனும் மனதுக்குள் தீர்மானித்திருந்தான். சேர்ந்து வராமல் ஒருவனை ஒருவன் முந்திக்கொண்டு ஓடிவந்தார்கள். உள்ளே வர ஒரே வாசல். அதற்கு எதிரே, மணல் மூட்டைக்குப் பின்னால், நடக்கத் தெரியாத ஐந்து பெண்கள். வந்தவனெல்லாம் வாசலிலேயே விழுந்தான். உயிர்த்து வந்து மறுபடி விழுந்தான்.

"ஒருத்தனையாவது உள்ள விடுங்கடி," என்று முணுமுணுத்தாள் பெர்மெத்.

"வந்தா சுடணும்னுதானே சொன்ன?" என்றாள் அனார்கான், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

நேரம் முடிந்தது. 'ஜெர்மன் படை வெற்றி' என்று திரை முழுக்க எழுத்து விரிந்தது. அரங்கில் யாரோ இருமினார்கள்.

துர்சுன் மேடை ஓரமாக வந்து, "இன்னொரு ஆட்டம். தோத்துத் தொலைங்க," என்று பல்லைக் கடித்தார்.

இரண்டாவது ஆட்டம் இன்னும் மோசம். அதற்குள் பெண்களுக்கு நடக்க வந்துவிட்டது. பையன்களைத் தெருவரை துரத்தினார்கள். அக்ஜோலை முதுகில் சுட்டு வீழ்த்தியது தன் கைதான் என்பதே பெர்மெத்துக்கு அவன் விழுந்த பிறகுதான் உறைத்தது. வெட்கமாக இருந்தது. அதைவிட ஆனந்தமாக இருந்தது.

துர்சுன் ஒலிவாங்கியைப் பிடுங்கி, "யாருக்கும் தோல்வியில்லை, நட்பு வென்றது" என்று அறிவித்துக் கோப்பையைப் பையன்களிடம் கொடுத்தார். பெண்கள் மறுப்பு சொல்லவில்லை. அவர்களுக்கு நேரமில்லை, அடுத்த நிகழ்ச்சி அவர்களுடையது. அவசரமாகச் செம்படைச் சட்டையும் தொப்பியும் மாட்டிக்கொண்டு, முகம் சிவந்து, மூச்சு வாங்க மேடையேறி வெற்றிப் பாடல்களைப் பாடினார்கள். முன்வரிசை எழுந்து நின்று கைதட்டியது.

"இத்தனை வருஷத்துல நீங்க இப்படி உணர்ச்சியாப் பாடினதே இல்ல," என்றார் துர்சுன், கண்ணைத் துடைத்துக்கொண்டு.