கார்புரேட்டர் திருகு

அக்கரையில் படுத்த படுக்கையாகக் கிடந்த அம்மாவைப் பார்க்க அவள் படகில் ஏறி உட்கார்ந்திருந்தாள். கணவனோ அவள் அப்பா கொடுத்த பழைய மோட்டாரோடு காலையெல்லாம் மல்லுக்கட்டினான். கயிற்றை இழுக்கும்போதெல்லாம் அது கரும்புகை கக்கி அணைந்தது.

"பெட்ரோல் அதிகமா போகுதுங்க. கார்புரேட்டர் திருகை லேசா உள்ளே முடுக்குங்க."

"நீ சொல்லித்தான் எனக்குத் தெரியணுமா?"

அவன் முகம் கழுவக் குனிந்த நேரத்தில் அவளே திருகை முடுக்கிக் கயிற்றை இழுத்தாள். மோட்டார் சீராக ஓடியது. கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள்.

அவன் மோட்டாரை அணைத்தான். நிதானமாக அந்தத் திருகைக் கழற்றித் தண்ணீரில் எறிந்தான்.

"ரொம்பக் கெட்டிக்காரியாச்சே," என்று துடுப்புகளை அவள் மடியில் போட்டுவிட்டு, காலை நீட்டிப் படுத்துக்கொண்டான்.

அம்மா காத்திருப்பாளே என்று அவள் துடுப்புப் போட்டாள்.