அன்னூர் மெர்சியின் வாழ்க்கைக் குறிப்பு

மூன்றாவது வரியிலேயே பேனா நின்றுவிட்டது. "அன்னார் சிறுவயது முதலே இசையில்" என்று எழுதிய சாமுவேல், "இசையில்" என்பதை அடித்துவிட்டு "ஞானப் பாட்டுகளில்" என்று போட்டான். பிறகு அதையும் அடித்தான். கூடத்தில் ஃப்ரீசர் பெட்டி உறுமிக்கொண்டிருந்தது. பெட்டிக்குள் அவனுடைய அக்கா மெர்சி, ஐம்பத்தாறு வயது, மூக்கில் பஞ்சு வைத்துப் படுத்திருந்தாள். மணி பதினொன்று. நாலு மணிக்கு அடக்கம்.

அன்னூரில் அவர்கள் சபையில் யார் செத்தாலும் வாழ்க்கைக் குறிப்பு எழுதுவது சாமுவேல்தான். கல்லறைத் தோட்டத்தில் பெட்டியைக் குழிக்குள் இறக்கும் முன், இறந்தவர் எங்கே பிறந்தார், என்ன வேலை பார்த்தார், எத்தனை பிள்ளைகள், எப்படிக் கண்ணை மூடினார் என்று ஒரு பக்கம் வாசிப்பது வழக்கம். மின்வாரிய ஆபீசில் கடிதம் எழுதி எழுதிக் கை பழகியவன், குரலும் நன்றாக இருக்கும் என்று பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் அவனிடம் ஒப்படைத்தார்கள். அதில் அவனுக்கென்று ஒரு கைப்பக்குவம் உண்டு. குடித்தே செத்தவன் "நண்பர்களை மிகவும் நேசித்தவர்" ஆகிவிடுவான். பெண்டாட்டியை அடித்தவன் "கண்டிப்பானவர்". ஊரில் எவனோடும் ஒத்துப்போகாதவன் "மனதில் பட்டதைச் சொல்பவர்". கேட்கிறவர்கள் தலையை ஆட்டுவார்கள், வீட்டார் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள், வேலை முடிந்தது.

மெர்சி இதையும் விடவில்லை. தன் மேடை நிகழ்ச்சிகளில் சொல்லிச் சொல்லிச் சிரிக்க வைத்தாள். "எந்தம்பி ஒருத்தன் இருக்கறானுங்க. செத்தவீங்களுக்கெல்லாம் இஸ்திரி போட்டுக் குடுக்கறவன். சுருக்கம் ஒண்ணு இருக்காது" என்பாள். ஜனம் கைதட்டும். சாமுவேல் அதையும் பார்த்திருக்கிறான், கழிவறைக் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு, செல்போனில் சத்தத்தைக் குறைத்து வைத்து.

மெர்சி கோயம்புத்தூருக்கு நர்ஸ் படிக்கப் போனவள். அப்பாவும் அம்மாவும் பிறத்தியார் தோட்டத்தில் களை வெட்டிக் கட்டிய ஃபீஸ். இரண்டாம் வருஷம் அவினாசி ரோட்டில் ஒரு பெரிய ஹோட்டலில் சாயங்காலம் பாட ஆள் வேண்டுமென்று யாரோ சொல்ல, கோயில் பாடகர் குழுவில் பாடிய தைரியத்தில் போய் நின்றாள். அங்கே ட்ரம்பெட் வாசித்த ஒரு கிழவர் அவளுக்கு ஜாஸ் பாடச் சொல்லிக் கொடுத்தார். நர்ஸ் படிப்பு அத்தோடு சரி. அதன் பிறகு சினிமாவில் பதினோரு படம், அத்தனையிலும் கதாநாயகியின் தோழி அல்லது கோபக்கார நர்ஸ். நாற்பது வயதுக்கு மேல் தனியாக மேடை ஏறினாள். அரைமணி நேரம் கொங்குத் தமிழில் சிரிப்பு, அப்புறம் அரைமணி நேரம் ஆங்கிலத்தில் பாட்டு. பெங்களூரிலும் சிங்கப்பூரிலும் டிக்கெட் தீர்ந்துபோகும். எங்கே போனாலும் "அன்னூர் மெர்சி" என்றுதான் பேர். பேரில் ஊரைச் சேர்க்காதே என்று சாமுவேல் இரண்டு தரம் கேட்டுப் பார்த்திருக்கிறான்.

ஆறு வருஷத்துக்கு முன், ஆணும் ஆணும் பெண்ணும் பெண்ணும் சேர்ந்து வாழ்வது குற்றமில்லை என்று சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு வந்த வாரம், மெர்சி மேடையில் மைக்கைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "மெர்சிக்கு ஏன் இன்னும் கல்யாணம் ஆகலைன்னு எல்லாரும் கேக்கறீங்க. எப்பவோ ஆயிருச்சுங்க. நீங்கதான் பந்திக்கு வரலை." சொல்லிவிட்டு, பின்னால் பியானோவில் உட்கார்ந்திருந்த யாஸ்மினைப் பார்த்துக் கையை நீட்டினாள். அதை இணையத்தில் பன்னிரண்டு லட்சம் பேர் பார்த்தார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் ஒருவர் கேட்டபோது, "அது வேற மெர்சிங்க" என்று சாமுவேல் சொன்னான். கேட்டவர் மெர்சிக்கு ஞாயிறு பள்ளியில் பாடம் எடுத்தவர்.

"தம்பி, எழுதியாச்சுங்களா?"

யாஸ்மின் வாசல்படியில் நின்றாள். ஒன்பது நாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் கிடந்த முகம். மெர்சியும் அவளும் கோயம்புத்தூர் ராமநாதபுரத்தில் ஒரே வீட்டில் இருபத்திரண்டு வருஷம் இருந்தவர்கள். ஆனால் உடலை வாங்கக் கையெழுத்துப் போட அவளால் முடியவில்லை. உறவுமுறை என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று ஆஸ்பத்திரியில் கேட்டதும் சாமுவேலுக்குத்தான் போன் செய்தாள். அப்போதே அதையும் சொன்னாள். செத்தால் அம்மா கல்லறைக்குப் பக்கத்தில் கிடக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சேரும் முன்பே மெர்சி கேட்டாளாம். வேறு எதுவும் கேட்கவில்லையாம்.

"எழுதீட்டே இருக்கறனுங்க" என்றான் சாமுவேல். அவளை எப்படிக் கூப்பிடுவது என்று இத்தனை வருஷத்தில் அவனுக்குப் பிடிபடவில்லை. "ஏனுங்க" என்று தொடங்கிச் சமாளித்துவிடுவான்.

அவள் ஒரு நோட்டுத்தாளை நீட்டினாள். "படத்துப் பேரெல்லாம் வருஷத்தோட எழுதியிருக்கறனுங்க. பாட்டு ரெக்கார்டு ரெண்டும் இருக்குது. முடிஞ்ச வரைக்கும் சேத்துக்கங்க. எம் பேரு போடோணும்னு இல்லீங்க."

கடைசி வாக்கியம் சொல்லும்போது அவள் பெட்டியைத்தான் பார்த்தாள். சாமுவேல் தாளை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்தான்.

பன்னிரண்டு மணிக்கு ஆயரும் சபைப் பொருளாளரும் வந்தார்கள். ஆயர் இளவயதுக்காரர், நல்ல மாதிரி. பொருளாளர் செருப்பைக் கழற்றும்போதே பேச ஆரம்பித்துவிட்டார்.

"தப்பா நெனைக்காத சாமுவேலு. கமிட்டில நாலு பேரு நாலு விதமாப் பேசறாங்க. கோயிலுக்குள்ள கொண்டாற வேண்டாம், நேரா கல்லறைத் தோட்டத்துக்குப் போயிரலாம்னு முடிவு பண்ணியிருக்குது. அங்கயும் உங்கம்மா பக்கத்துலங்கறப்ப..."

"அம்மா பக்கத்துலதான் வெக்கோணுங்க" என்றான் சாமுவேல். அவ்வளவு வேகமாக அவன் எப்போதும் பேசியதில்லை.

ஆயர் அவன் தோளில் கை வைத்தார். "கடைசி நேரத்துல அக்கா ஏதாச்சும் சொன்னாங்களா? ஆண்டவர்கிட்டத் திரும்பின மாதிரி ஏதாச்சும்? நீங்க பக்கத்துல இருந்தீங்களா?"

மனந்திரும்பினாள் என்று எழுதிக் கொடு என்று அவர் கேட்கவில்லை. அப்படிக் கேட்டிருந்தால் சாமுவேல் மல்லுக்கட்டியிருப்பானோ என்னவோ. வெறுமனே ஒரு கேள்விதான் கேட்டார், அதுவும் அன்பாக.

சாமுவேல் ஆஸ்பத்திரிக்கு ஒரே ஒரு தரம் போயிருக்கிறான். லிஃப்ட் வரைக்கும் போனான். மேலே யாஸ்மின் இருப்பாள், அவளுடைய ஆட்கள் இருப்பார்கள், தெரிந்தவர் யாராவது பார்த்துவிடுவார்கள். கேன்டீனில் ஒரு டீ குடித்தான். முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, காந்திபுரம் வந்து பஸ் பிடித்து வீட்டுக்குத் திரும்பினான். "பாத்தீங்களா?" என்று மனைவி கேட்டாள். "பாத்தேன். கெடக்கறா" என்றான்.

"இருந்தனுங்க" என்றான் இப்போது ஆயரிடம். "மனந்திரும்பித்தானுங்க போனா."

பொருளாளர் பெருமூச்சு விட்டார். "அதைக் குறிப்புல ஒரு வரி போட்டுரு. பொறவு ஆரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

அவர்கள் போனபின் பேனா தங்குதடையில்லாமல் ஓடியது. முப்பது வருஷ மேடையும் சினிமாவும் பாட்டும் "சில காலம் கலைத்துறையில் பணியாற்றினார்" என்ற ஒரே வரிக்குள் அடங்கின. யாஸ்மினின் தாளை அவன் பிரித்துப் பார்க்கவேயில்லை.

நாலரை மணிக்குக் கல்லறைத் தோட்டத்தில் வெயில் இன்னும் இறங்கவில்லை. அம்மாவின் சிலுவைக்குப் பக்கத்தில் குழி வெட்டியிருந்தார்கள். அறுபது எழுபது பேர் இருப்பார்கள். கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்த ஐந்தாறு பேர் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வேலி ஓரமாக நின்றார்கள். யாஸ்மின் அவர்களோடும் நிற்கவில்லை, குடும்பத்தாரோடும் நிற்கவில்லை. நடுவில் ஒரு வேப்பமரத்தடியில், தலையில் முக்காடு போட்டு நின்றாள்.

சாமுவேல் வாசித்தான். குரல் எப்போதும்போல் நன்றாகவே வந்தது. பிறந்த வருஷம், ஞானஸ்நானம் பெற்ற வருஷம், பள்ளிக்கூடம். சில காலம் கலைத்துறை. "இறுதி நாட்களில் தம் பாவங்களை அறிக்கையிட்டு, மனந்திரும்பி, ஆண்டவரின் பாதத்தில் தம்மை ஒப்புவித்தார்." ஜனம் "ஆமென்" என்றது. அவன் தலையை நிமிர்த்தவில்லை.

அப்பா கூடப்பிறந்த பூவாத்தாள் அத்தைக்குக் காது மந்தம். பக்கத்தில் இருப்பவளிடம் ரகசியம் பேசுவதாக நினைத்துக்கொண்டு தோட்டம் முழுக்கக் கேட்கும்படி பேசினாள்.

"ஏனம்மிணி, அவளுக்கு வாயில கொழாய் சொருகியில்ல வெச்சிருந்தாங்க? நாம் போயிப் பாத்துப்போட்டு வந்தனே. ஒரு வார்த்தை பேச முடியாமக் கெடந்தா. எப்பப் பேசினா?"

யாரும் சிரிக்கவில்லை. மண்வெட்டியோடு நின்ற ஆள்கூடத் தலையைத் திருப்பினான். பொருளாளர் ஆயரைப் பார்த்தார். ஆயர் சாமுவேலைப் பார்த்தார். பெட்டி இன்னும் மேலேதான் இருந்தது, இரண்டு கயிறுகளின் மேல்.

"பேசலீங்க" என்றான் சாமுவேல். "நான் ஜெபம் பண்ணினனுங்க. எங் கையப் புடிச்சு அழுத்தினா. கண்ணுல தண்ணி வந்துச்சு." அதோடு நிறுத்தியிருக்கலாம். எல்லோரும் இன்னும் அவனையே பார்த்துக்கொண்டிருந்ததால் கை தானாக வேப்பமரத்துப் பக்கம் நீண்டது. "அவங்களும் கூடத்தான் இருந்தாங்க. வேணும்னாக் கேட்டுப் பாருங்க."

அத்தனை முகங்களும் யாஸ்மினிடம் திரும்பின.

"அப்படீங்களாம்மா?" என்றார் பொருளாளர்.

யாஸ்மின் சாமுவேலைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் அவன் தாங்கியிருப்பான். தெரிந்த ஒருவரை எங்கே பார்த்தோம் என்று யோசிப்பதுபோல் பார்த்தாள். அப்புறம் அம்மாவின் சிலுவையைப் பார்த்தாள், அதை ஒட்டி வெட்டியிருந்த குழியைப் பார்த்தாள். ஒரு வார்த்தை மாறினால் மெர்சி அங்கே இறங்க முடியாது. அது அவளுக்குத் தெரிந்துவிட்டது என்று சாமுவேலுக்கும் தெரிந்தது.

"ஆமாங்க" என்றாள். "தம்பி சொன்ன மாதிரிதானுங்க."

"நீங்க அவங்களுக்கு என்ன வேணுமுங்க?" என்று ஆயர் மரியாதையாகத்தான் கேட்டார்.

"கூட வேலை செஞ்சவளுங்க. பியானோ வாசிக்கறவ."

ஆயர் தலையசைத்தார். கயிறுகள் தளர்ந்தன. பெட்டி ஒரு பக்கம் சாய்ந்து, சரியாகி, கீழே இறங்கியது. அந்த நிமிஷத்தில் சாமுவேலுக்கு உண்டானது துக்கம் இல்லை, அப்பாடா என்ற நிம்மதிதான். அடுத்த நிமிஷமே அந்த நிம்மதியை நினைத்து உடம்பெல்லாம் கூசியது. கேன்டீனில் டீ குடித்தபோது வராத வெட்கம், அது வேற மெர்சி என்று சொன்னபோது வராத வெட்கம், எல்லாம் சேர்ந்து இப்போது வந்தது. தன் பொய்க்குத் தான் ஒருவன் போதாதென்று, அக்காவோடு குடித்தனம் நடத்தியவளை அவள் வாயாலேயே அதை இல்லை என்று சொல்ல வைத்துவிட்டான். மூன்று பிடி மண் போடும்போது பாதி மண் அவன் செருப்பிலேயே விழுந்தது.

ஜெபம் முடிந்ததும் வழக்கப்படி குடும்பத்தார் கல்லறைத் தோட்டத்து வாசலில் வரிசையாக நின்றார்கள். முதலில் சாமுவேல், பிறகு மனைவி. வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கையைக் கொடுத்துவிட்டு வெளியே போனார்கள்.

"அருமையா எழுதியிருந்தீங்க" என்றார் ஒருவர். "ஒரு குத்தம் குறை சொல்ல முடியாது."

"எங்கப்பனுக்கும் நீங்கதாங்ணா எழுதோணும்" என்றான் இன்னொருவன். அவனுடைய அப்பன் பக்கத்திலேயே நின்று தலையாட்டினார்.

சாமுவேல் எல்லோருக்கும் கையைக் கொடுத்தான். அப்போதுதான் வரிசையில் அவளைப் பார்த்தான். தேங்காய் மண்டிக்காரருக்கும் அவர் மனைவிக்கும் பின்னால், முன்னால் நிற்பவர் நகர நகரத் தானும் ஓரடி நகர்ந்தபடி, யாஸ்மின் வந்துகொண்டிருந்தாள். மற்றவர்களைப்போலவே அவளும் அவனுக்கு ஆறுதல் சொல்ல வந்துகொண்டிருந்தாள்.

அவனுக்கு வலது பக்கம், மனைவியும் அவனும் நிற்கிற வரிசையில், ஒரு ஆள் நிற்கும் அளவுக்கு இடம் இருந்தது. இங்கே வந்து எங்களோட நில்லுங்க என்று சொல்லிவிட வேண்டும். நாலு வார்த்தைதான். மண்டிக்காரர் கையைக் குலுக்கிக்கொண்டிருக்கும் நேரம் முழுக்க அந்த நாலு வார்த்தையை அவன் வாய்க்குள் வைத்திருந்தான்.

யாஸ்மின் எதிரே வந்து அவன் கையைத் தன் இரண்டு கையாலும் பிடித்தாள். அவள் விரல்களில் மண் ஒட்டியிருந்தது. அவள் எப்போது மண் போட்டாள் என்பதை அவன் கவனிக்கவில்லை.

"அம்மா பக்கத்துலயே வெச்சுப்போட்டீங்க" என்றாள். "ரொம்ப நன்றிங்க தம்பி."

அவன் வாயைத் திறந்தான்.

"சித்த நகருங்கம்மா, பொறத்தால ஜனம் நிக்குது பாருங்க" என்றார் பொருளாளர்.

"வாரனுங்க" என்று சொல்லிவிட்டு அவள் நகர்ந்தாள். அவளுக்குப் பின்னால் இன்னும் எட்டுப் பேர் நின்றிருந்தார்கள். சாமுவேல் அடுத்தவருக்குக் கையை நீட்டினான்.