குட்டிச்சாத்தான்களின் கூலி

ஆயிரத்து இருநூற்று முப்பத்தேழு பொற்காசு. கோணி மாயவைத்தியருக்குக் கட்ட வேண்டிய பாக்கி அது. போன ஆட்டத்தில் செத்துப்போனவனை எழுப்பி உட்காரவைத்ததற்கு மருந்து எண்ணூறு, மந்திரம் நானூறு, மீதி முப்பத்தேழு படுக்கை வாடகை. செத்தவனுக்கு எதற்குப் படுக்கை என்று கேட்டதற்கு, தரையில் போட்டிருந்தால் எலி தின்றிருக்கும் என்று பதில் வந்தது.

காசும் பொய், வைத்தியரும் பொய். எல்லாம் எடைமேடை கிளார்க்கு நடத்தும் பகடை ஆட்டம். அவர் கதை சொல்வார், மற்றவர்கள் ஆளுக்கொரு வீரனாக இருந்து என்ன செய்கிறோம் என்று சொல்வார்கள், சந்தேகம் வந்தால் இருபது முகப் பகடை தீர்த்துவைக்கும். சிமென்ட் குடோனில் மழை வந்தால் மூட்டை இறக்கக் கூடாது. மழை விடும்வரை குடோன் மூலையில் ஆட்டம். மழை விட்டு மேஸ்திரி விசில் ஊதினால் ஆட்டம் முடிந்தது.

சாக்கை முக்காடாக மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு சுமை தூக்குவதால் அவனுக்குக் கோணி என்று பெயர். நாற்பத்தொரு வயதுவரை கைநாட்டு. இரண்டு வருடமாகத்தான் எழுத்துக் கூட்டுகிறான். ஆட்டத்தில் தன் வீரனுக்கு மலையப்பன் என்று பேர் வைத்து, பலம், அறிவு, ஆயுதம், செருப்பு ஒரு ஜோடி என்று ஒரு தாள் முழுக்க எழுதியிருந்தான். ஒரு தாளை மேலிருந்து கீழ்வரை அவன் தன் கையால் நிரப்பியது வாழ்க்கையில் அது ஒன்றுதான். செத்தவன் தாளை நாலாகக் கிழித்துக் கேன்டீன் அடுப்பில் போடுவது கிளார்க்கு வகுத்த சட்டம். போன தடவை அவர் தாளை இரண்டு கையாலும் பிடித்தபோது கோணியின் முகம் போன போக்கைப் பார்த்துத்தான் கடனுக்கு உயிர் கொடுத்தார். இன்றைய ஆட்டம் முடிவதற்குள் பாக்கி தீரவேண்டும். தீராவிட்டால் கொடுத்த உயிரை வைத்தியர் திரும்ப எடுத்துக்கொள்வார். தாள் அடுப்புக்கு.

"டிராகன் குகை வாசல்ல நிக்கிறீங்க. உள்ள தண்ணி ஏறுது. டிராகன் தன் புதையலை மேட்டுக் குகைக்கு மாத்திக்கிட்டு இருக்கு. வரிசையா மூட்டை போகுது" என்றார் கிளார்க்கு. இந்தச் சண்டைக்காக மூன்று வாரம் உட்கார்ந்து கணக்குப் போட்டவர். முகத்தில் பெருமை தெரிந்தது.

"வாளை உருவறேன்" என்றான் கோணியின் மைத்துனன். லாரி டிரைவர். எந்தக் கதையிலும் அவன் முதலில் செய்வது அதுதான். போன தடவை, "நீ முன்னால போ மாமா" என்று சொல்லிக் கோணியைச் சாகடித்ததும் அவன்தான்.

"இரு மாப்ள. சார், அந்த மூட்டையெல்லாம் தூக்கறது யாரு?"

கிளார்க்கு தாளைப் பார்த்தார். "குட்டிச்சாத்தானுங்க. அறுபது பேரு."

"மூட்டைக்கு என்ன கூலி?"

தாளைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் காலியாக இருந்தது. "கூலி கிடையாது. டிராகன் தின்னாம விட்டுவச்சிருக்கு."

"எங்க மேஸ்திரியும் அதத்தான் சொல்றாரு" என்றாள் கேன்டீன் அக்கா. அவள் ஆட்டத்தில் சூனியக்காரி. கையிருப்பு ஒன்பது காசும் ஒரு பூனையும்.

"நான் வாளைக் கீழ வச்சுட்டு வரிசையில சேர்ந்து ஒரு மூட்டை தூக்கறேன்" என்றான் கோணி.

"மாமா, புதையலைத் திருட வந்தோம். சுமக்க வரலை."

கோணி காதில் வாங்கவில்லை. முன்னால் போகும் சாத்தானிடம் தோளில் வைக்காதே, பிடரியில் ஏற்று, கழுத்து நோகாது என்றான். அடுத்தவனிடம் எத்தனை பிள்ளைகள் என்று விசாரித்தான். சாத்தான்களுக்காகக் கிளார்க்குதான் பதில் சொல்ல வேண்டியிருந்தது. முதலில் சும்மா சொன்னார், பிறகு மூக்கால் பேசினார், நாலாவது சாத்தானுக்கு ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டு இருமவே ஆரம்பித்துவிட்டார். மூன்றாம் நடையில், பாதை குறுகும் இடத்தில், கோணி மூட்டையை இறக்கி அதன்மேல் உட்கார்ந்தான். பின்னால் வந்த சாத்தான் இறக்கினான். அறுபதும் இறங்கின.

"டிராகன் வருது" என்றார் கிளார்க்கு. அவர் குரல் மாறியது. "மூக்குல புகை. வாயைத் திறக்குது. என்ன பண்றே?"

"உட்கார்ந்திருக்கேன்."

"எரிச்சிடும்யா."

"எரிக்கட்டும். மூட்டை இங்கதான் கிடக்கும்."

மைத்துனன் தலையில் கைவைத்துக்கொண்டான். கிளார்க்கு பகடையை எடுத்துக் குலுக்கினார். பதினைந்துக்குக் கீழே விழுந்தால் சாம்பல்.

"சார், அந்த டிராகனுக்கு அறிவு எவ்வளவுன்னு எழுதியிருக்கீங்க?" என்றாள் அக்கா.

"பதினெட்டு."

"இருபதுக்குப் பதினெட்டு வச்சிருக்கறது, தூக்கற ஆளையெல்லாம் சுட்டுட்டுத் தண்ணியில நின்னு தானே மூட்டை சுமக்குமா?"

கிளார்க்கு கொஞ்ச நேரம் குலுக்கிக்கொண்டே இருந்தார். பிறகு பகடையைப் பலகைமேல் வைத்துவிட்டார்.

பேரம் ஆரம்பித்தது. டிராகன் மூட்டைக்கு ஒரு காசு என்றது. கோணி மூன்று கேட்டான். பாதை வழுக்கல், ஏற்றம், சாக்கு கிழிசல் என்று சொந்தச் சரக்கையெல்லாம் அவிழ்த்தான். இரண்டில் நின்றது. மீதி அறுநூற்றுப் பத்து மூட்டை, கோணியோடு அறுபத்தொரு ஆள். ஆளுக்குப் பத்து மூட்டை, இருபது காசு.

அப்போது டிராகன் குனிந்து கோணியின் காதோரம் வாயைக் கொண்டுவந்தது. கிளார்க்கும் குனிந்தார். "அவனுங்களுக்கு எதுக்குக் காசு. உனக்கு மட்டும் ஆயிரத்து இருநூத்து முப்பத்தேழு தரேன். அவனுங்களைத் தூக்கச் சொல்லு, போதும்."

தகரக் கூரையில் மழைச் சத்தம் குறைந்திருந்தது. கிளார்க்கு கோணியின் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். மனுஷன் வழி காட்டுகிறார் என்று கோணிக்குப் புரிந்தது. ஆம் என்று ஒரு வார்த்தை, தாள் பிழைத்துவிடும்.

இப்படிக் காதோரம் வந்த பேச்சு அவனுக்குப் புதிதல்ல. ஒரு தடவை கூலி உயர்வு கேட்டு எல்லாரும் உட்கார்ந்தபோது, முன்னால் உட்கார்ந்திருந்த ஒருத்தனை மேஸ்திரி தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். மறுநாள் அவன் புதுச் சைக்கிளில் வந்தான். மற்றவர்கள் பழைய கூலிக்குத் தூக்கினார்கள்.

"வாங்கிக்க மாமா" என்றான் மைத்துனன் மெதுவாக. "அதுங்க வெறும் காகிதம்."

"நானும் காகிதந்தான் மாப்ள." கோணி டிராகன் பக்கம் திரும்பினான். "ஆளுக்கு இருபது. எனக்கும் இருபது. சத்தமா சொல்லு, எல்லாருக்கும் கேக்கட்டும்."

டிராகன் சத்தமாகச் சொன்னது. மூட்டைகள் மேட்டுக்குப் போய்ச் சேர்ந்தன. இருபது காசை எண்ணி வாங்கிக்கொண்டு கோணி வைத்தியர் வாசலில் போய் நின்றான். பாக்கி ஆயிரத்து இருநூற்றுப் பதினேழு. அக்கா தன் ஒன்பதை எடுத்தாள், பூனையைக் கொடுக்கமாட்டேன் என்று முன்கூட்டியே சொன்னாள். கோணி ஒன்பதையும் வாங்கவில்லை. தாளை எடுத்து ஒரு தடவை தடவிவிட்டுக் கிளார்க்கிடம் நீட்டினான்.

"கிழிங்க சார். விசில் ஊதிடுவாங்க."

கிளார்க்கு தாளை இரண்டு கையாலும் பிடித்தார். பிடித்தபடியே இருந்தார். எடைமேடையில் பத்துக் கிலோ விட்டுக்கொடுக்காத மனுஷன். பிறகு அவருக்கு ஒரு கண் சுருங்கியது. இருமினார்.

"வைத்தியரே" என்றார் மூக்கால்.

யார் பேசுவது என்று மற்றவர்களுக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. நாலாவது சாத்தான்.

"நாளைக்கு உங்களுக்கு மருந்தெண்ணெய் நாப்பது பீப்பா வருதாமே. யாரு இறக்கப் போறா?"

கிளார்க்கு கழுத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு வைத்தியரானார். "நீங்கதான். எப்பவும் நீங்கதானே இறக்குவீங்க?"

"எங்களுக்கு இடுப்பு வலி. அறுபது பேருக்கும்."

"மருந்து தரேன்."

"மருந்து பீப்பாயில இல்ல இருக்கு?"

"இது அநியாயம்."

"படுக்கை வாடகை முப்பத்தேழு நியாயமா?"

தாள் கையில் ஆட, கிளார்க்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பித் திரும்பித் தன்னோடு தானே சண்டை போட்டார். வைத்தியர் பாதியைத் தள்ளுபடி செய்தார். சாத்தான் இருமிக்கொண்டே வைத்தியர் வாசலில் படுத்துக்கொண்டான். வைத்தியர் படுக்கை வாடகையை விட்டார். இன்னும் இரண்டு சாத்தான்கள் பக்கத்தில் படுத்தார்கள். மைத்துனன் வாயை மூட மறந்திருந்தான். அக்கா அடுப்பில் பால் பொங்கியதைக்கூடக் கவனிக்கவில்லை.

கடைசியில் வைத்தியருக்குத் தொண்டை கட்டிவிட்டது. "எழுதித் தொலைங்கடா" என்றார். "பாக்கி இல்லைன்னு எழுதிக்குங்க. பீப்பா மட்டும் உருளாம இறக்கணும்."

வெளியே விசில் கேட்டது. கிளார்க்கு தாளைப் பலகைமேல் வைத்துப் பேனாவைக் கோணி பக்கம் தள்ளினார். அவர் முகம் சிவந்திருந்தது, யாரையும் பார்க்கவில்லை.

கோணி குனிந்து, தாளில் எழுதியிருந்த பாக்கித் தொகையின் மேல் இடமிருந்து வலமாக நிதானமாக ஒரு கோடு இழுத்தான்.

"போதும்யா, ஒரு கோடு போதும்" என்றார் கிளார்க்கு.

"இருக்கட்டும் சார்" என்று சொல்லி இன்னொன்றும் இழுத்தான்.