பாய்லர் இருக்காரு

எங்கள் தமிழ் மன்றத்தின் நாற்பதாவது ஆண்டு மலருக்கு வரலாறு எழுதித் தரும் வேலையை என் தலையில் கட்டினார்கள். ஊருக்குப் போகிறவள் மறுக்க மாட்டாள் என்று ஒரு நினைப்பு. நாலு பக்கம் கேட்டார்கள், நான் பதினொன்று எழுதினேன். அதில் ஏழு பக்கம் என் வீட்டுக்காரர். செயலாளர் புரட்டிப் பார்த்துவிட்டு, "ஊசியக்கா, இது மன்றத்தோட வரலாறா, உங்க வீட்டு வரலாறா?" என்றார்.

"எனக்கு ரெண்டும் ஒண்ணுதான். ஒரு வரி குறைக்க மாட்டேன்."

ஊசியக்கா நான்தான். இந்த நாட்டில் முப்பத்தாறு வருஷம், ஒரே கிளினிக்கில் நர்ஸ். சலவைக்கடை மாடியில் மன்றம் ஆரம்பித்தபோது வந்த பதினொரு பேரில் நாலு பேருக்கு ஒரே பெயராம். அப்போதைய செயலாளர் வெறுத்துப்போய், பதிவேட்டில் ஆளுக்கொரு பட்டப்பெயர் எழுதிவிட்டார். தையல், லாரி, ரொட்டி என்று. ஆலையில் பாய்லர் பார்த்த என் வீட்டுக்காரர் பாய்லர். பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொன்னால் இங்கே யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

அந்த அறையில் மேஜை, நாற்காலி எல்லாமே மடக்குகிற சாமான். அடுத்த வருஷம் ஊருக்குப் போகப் போகிறோம், கனமாக எதற்கு வாங்குவது என்று நாற்பது வருஷமாகப் பேசிக்கொண்டிருக்கிறோம். நாற்காலிகள் மூன்று தடவை மாறிவிட்டன, பேச்சு மட்டும் மாறவில்லை.

மாதம் ஒரு கூட்டம். தொடங்கும்போது பெயர் வாசிப்பார்கள். அந்தக் காலத்தில் யார் கையிலும் போன் கிடையாது, சொல்லாமல் கொள்ளாமல் ஊருக்குப் போய்விடுகிறவர்கள் உண்டு. அதனால் ஓர் ஏற்பாடு செய்தார்கள். வந்தவர் "இருக்கேன்" என்பார். வராதவருக்காக, விஷயம் தெரிந்த யாராவது "இருக்காரு" என்பார்கள். இந்த நாட்டில்தான் இருக்கிறார், வேலையில் மாட்டிக்கொண்டார் என்று அர்த்தம். மூன்று கூட்டம் தொடர்ந்து ஒருவரும் வாய் திறக்காவிட்டால், ஆள் ஊருக்குப் போய்விட்டார் என்று பெயரை அடித்துவிடுவார்கள்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், வேலைக்குக் கிளம்பும்போது ஒரு ஷூவை மாட்டினார் என் வீட்டுக்காரர். இன்னொன்றை மாட்டவில்லை. இங்கேயே அடக்கம் செய்தோம். அடுத்த வாரமே கூட்டம். வீட்டில் தனியாக உட்கார முடியாமல் நானும் போனேன். அப்போதிருந்த செயலாளர் பழக்கதோஷத்தில் "பாய்லர்" என்று படித்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். கீழே சலவை மெஷின் சுற்றுவது மட்டும் கேட்டது. அப்போது தையல்காரர் தலையைக் குனிந்தபடி, "இருக்காரு" என்றார்.

தவறுதான். ஆனால் யோசித்துப் பார்த்தால் பொய்யில்லை. அவர் இந்த நாட்டை விட்டு எங்கேயும் போகவில்லையே. அடுத்த மாதம் செயலாளர் வேண்டுமென்றே படித்தார், நான் பதில் சொன்னேன். அதிலிருந்து இங்கே இறந்துபோனவர்கள் பெயரை அடிப்பதில்லை, பதில் சொல்ல ஆள் இருக்கும்வரை.

ஆள் இருக்கும்வரை என்பதில்தான் எனக்குச் சிக்கல். தையல்காரர் எப்போதோ ஊருக்குப் போய்விட்டார். என் வீட்டுக்காரரை நேரில் பார்த்தவர்கள் மன்றத்தில் இப்போது என்னைத் தவிர ஒருவரும் இல்லை, இப்போதைய செயலாளர்கூடப் பார்த்ததில்லை. எனக்கும் வேலை முடிந்துவிட்டது, விசாவும் முடிகிறது, மகள் கூப்பிடுகிறாள். நான் கிளம்பிய மூன்றாம் மாதம் அவர் பெயர் மேல் கோடு விழும். ஊரில் அவர் யாருக்கோ தம்பி, யாருக்கோ மாமா. பாய்லர் என்கிற ஆள் இங்கே மட்டும்தான் உண்டு. நான் சண்டை போட்டது, சமாதானமானது, இன்னும் வாசல் சத்தம் கேட்டால் எட்டிப் பார்ப்பது, எல்லாம் அந்த ஆளுக்காகத்தான்.

யாரிடமாவது கேட்டிருக்கலாம். முன்பின் பார்க்காத மனுஷனுக்காக மாதாமாதம் பதில் சொல்லுங்கள் என்று எந்த முகத்தோடு கேட்பது? அதனால்தான் ஏழு பக்கம் எழுதினேன். படிக்கிற யாருக்காவது மனசு இரங்காதா என்று ஒரு நப்பாசை.

நான் கலந்துகொண்ட கடைசிக் கூட்டத்தில் செயலாளர் வரிசையாகப் படித்துக்கொண்டே வந்தார்.

"பாய்லர்."

வாயைத் திறந்தேன். பன்னிரண்டு வருஷம் சொன்ன ஒரே வார்த்தை, வரவில்லை. செயலாளர் நிமிராமல் காத்திருந்தார்.

"இருக்காரு."

கதவுப் பக்கமிருந்து குரல். பார்த்தால் கிரேன். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர், மன்றத்தில் சேர்ந்து நாலு வருஷம். கூட்டத்துக்கு என்றைக்கும் லேட், குடித்த டீ கப்பைக் கழுவாமல் வைத்துவிட்டுப் போவார். அதற்காக நான் அவரைத் திட்டாத மாதம் இல்லை. அன்றைக்கும் லேட்டுதான். தலையில் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் நின்றுகொண்டிருந்தார்.

அடுத்தது என் பெயர். "போயிட்டு வரேன்" என்றேன். கிளம்புகிறவர்கள் அப்படித்தான் சொல்ல வேண்டும். செயலாளர் ஸ்கேல் வைத்து நேராக ஒரு கோடு போட்டார்.

டீ முடிந்து உள்ளே போனால், கிரேன் கப் கழுவிக்கொண்டிருந்தார். என் கண்ணையே என்னால் நம்ப முடியவில்லை.

"மலருக்கு நீங்க எழுதினதை செயலாளர்கிட்ட வாங்கிப் படிச்சேன்க்கா," என்றார், முகத்தைத் திருப்பாமல். "எல்லாம் இருக்கு. ஒண்ணுதான் இல்ல. அவரு டீக்கு எத்தனை ஸ்பூன் சர்க்கரை போடுவாரு?"

"அது எதுக்குங்க உங்களுக்கு?"

"மாசாமாசம் சொல்லப்போறேன்ல. புதுசா வந்தவங்க யாராவது, யாரு அந்த பாய்லர்னு கேட்டா நான் முழிக்கக் கூடாது பாருங்க."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அடக்கவும் இல்லை.

"மூணு," என்றேன். "நான் பாக்காதப்ப நாலு."

"மூணு. பாக்காதப்ப நாலு," என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டு, கப்பைக் கவிழ்த்து வைத்தார்.