பத்தாவது துணி

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு ஐம்பத்திரண்டு வயதுப் பெண்மணி ஒருத்தி காருக்கு அடியில் மல்லாந்து படுத்துக் கிடந்தால் தெரு சும்மா இருக்குமா? பால் வாங்கப் போனவர் நின்றார். நாயைக் கூட்டிக்கொண்டு போன பக்கத்து வீட்டுக்காரர் நின்றார், நாயும் நின்றது. வீட்டை ஒட்டிய ஷெட்டின் கதவு அகலத் திறந்திருந்தது. உள்ளே, இரண்டே பேர் உட்காரக்கூடிய சிவப்பு நிறப் பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று நான்கு இரும்புத் தாங்கிகளின் மேல் நின்றது. அதன் அடியிலிருந்து ஆஸ்பத்திரிச் செருப்பு போட்ட இரண்டு கால்கள் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன.

"சிஸ்டரம்மா, ஒண்ணும் ஆகலையே?" என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

"எனக்கு ஒண்ணும் ஆகல. இவளுக்கு ஆயில் மாத்துறேன். வேடிக்கை பாக்குறதா இருந்தா வெளிச்சத்த மறைக்காம பாருங்க" என்று அடியிலிருந்து பதில் வந்தது.

சிஸ்டரம்மா ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். இருபத்தேழு வருடமாக அறுவை மேஜைக்குப் பக்கத்தில் நின்று, டாக்டர்கள் நீட்டும் கையில் கத்தியும் கத்தரியும் வைப்பவள். அடுத்து எது வேண்டும் என்று டாக்டருக்குத் தோன்றும் முன்பே அவளுக்குத் தோன்றிவிடும். பட்டென்று உள்ளங்கையில் வைப்பாள். நோயாளி பிழைத்து எழுந்து உட்கார்ந்தால் பூங்கொத்து டாக்டருக்குப் போகும். அதில் அவளுக்கு வருத்தமே இல்லை என்று நான் சொன்னால் அது பச்சைப் பொய். ஒரு தடவையாவது கையை நீட்டிக் கேட்கிற ஆளாக இருந்து பார்க்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. அதை வெளியே சொல்ல வெட்கம்.

அப்படியிருக்கும்போதுதான் செவப்பி வந்து சேர்ந்தாள். செவப்பி என்பது காருக்கு அவள் வைத்த பெயர். கார் அவள் கணவரின் தம்பியுடையது. மூன்று வருடத்துக்கு முன்னால் வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பும்போது, "சும்மா நிக்கட்டும் அண்ணி, வாரத்துக்கு ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணி வையுங்க போதும்" என்று சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார். அவளும் முதல் வாரம் ஸ்டார்ட் மட்டும்தான் செய்தாள். இரண்டாம் வாரம் தெருமுனை வரை போய் வந்தாள். ஆறாவது மாதம் காரின் கையேட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்து முடித்து, எந்த போல்ட்டுக்கு எந்த ஸ்பேனர் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்லும் நிலைக்கு வந்துவிட்டாள்.

போன மாதம் கொழுந்தன் ஊர் திரும்பினார். இந்த வாரம் காரை விற்கப் போவதாகச் சொன்னார். வாழ்க்கையில் யாரிடமும் எதையும் கேட்டறியாத சிஸ்டரம்மா, அன்றைக்கு வாய்விட்டுக் கேட்டுவிட்டாள்.

"இவள எனக்குக் குடுத்துடுங்க தம்பி."

கொழுந்தன் சிரித்தார். "அண்ணி, என்னைப் படிக்க வச்சு ஆளாக்கினவங்க நீங்க. ஒரு காரு குடுக்க மாட்டேனா? ஆனா ஓட்டுறது பெரிசில்ல, இவளை வச்சுப் பாத்துக்கணும். அதுதான் பாடு. எனக்கே மெக்கானிக் வேணும்."

"நானே பாத்துப்பேன்."

"அப்படியா? அப்ப ஒரு பந்தயம். ஞாயித்துக்கிழமை ஒருத்தர் வண்டி வாங்க வர்றாரு. அதுக்குள்ள சர்வீஸ் முழுசும் நீங்களே பண்ணணும். மெக்கானிக் கை படக்கூடாது. பதினோரு மணிக்குள்ள சாவியத் திருப்பினா ஒரே திருப்புல கிளம்பணும். கிளம்பினா வண்டி உங்களுது. இல்லைன்னா அவரோட போயிடும். பேச்சு மாறக்கூடாது."

"மாற மாட்டேன்" என்றாள். அன்று இரவு அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

ஆக, அந்த ஞாயிறு காலை அவள் பழைய நீலப் படுக்கை விரிப்பு ஒன்றைக் கிழித்துச் சரியாகப் பத்துத் துணிகள் ஆக்கிக்கொண்டாள். ஷெட்டின் சுவரில் சாக்பீஸால் எழுதினாள்: ஸ்பேனர் எட்டு, ஸ்க்ரூ டிரைவர் மூன்று, துணி பத்து. தியேட்டரில் வயிற்றைத் தைத்து மூடுவதற்கு முன்னால் உள்ளே போன துணியையும் கருவியையும் எண்ணுவார்கள். ஒன்று குறைந்தால், எதிரில் நிற்பது எவ்வளவு பெரிய டாக்டராக இருந்தாலும் சிஸ்டரம்மா தைக்க விடமாட்டாள். செவப்பிக்கு மட்டும் வேறு சட்டமா என்ன?

உதவிக்கு நின்றவர் அவள் கணவர், பேக்கரிக்காரர். உதவி என்றால் டார்ச் பிடிப்பது மட்டும்தான். "மாவு பிசையிற கை, இதுல ஆயில் பட்டா நாளைக்கு பன்னெல்லாம் பெட்ரோல் பங்க் மாதிரி மணக்கும்" என்று முதலிலேயே சொல்லிவிட்டார். தங்கமான மனுஷன். ஒரே ஒரு குறைதான். வாய் திறந்திருக்கும் எதைப் பார்த்தாலும் அவருக்குக் கை பரபரக்கும். முப்பது வருடமாக மாவுக்கு ஈரத்துணி போர்த்திப் பழகியவர். வீட்டில் தண்ணீர் ஜக்கின் மேல் தட்டு, சர்க்கரை டப்பாவின் மேல் தட்டு, அவள் பாதி குடித்து வைத்த காபியின் மேலும் ஒரு தட்டு. "நான் ஒரு நாள் கொட்டாவி விட்டா என் வாய் மேலயும் ஒண்ண வைக்கப் போறீங்க" என்று சொல்லிச் சொல்லி அவளுக்கே அலுத்துவிட்டது.

முதலில் என்ஜினை ஐந்து நிமிடம் ஓடவிட்டுச் சூடாக்கி அணைத்திருந்தாள். இப்போது அடியில் படுத்தபடி கையை வெளியே நீட்டி, "பதினேழு" என்றாள்.

நீட்டிய கை காற்றில் அப்படியே நின்றது.

"யாரைக் கேக்குற?" என்றார் பேக்கரிக்காரர்.

"யாரையும் இல்ல. சும்மா கேட்டுப் பாத்தேன்." அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. உருண்டு வெளியே வந்து, பதினேழாம் நம்பர் ஸ்பேனரைத் தானே எடுத்துக்கொண்டு மறுபடி உள்ளே போனாள்.

திருகாணி கழன்றதும் கறுத்த ஆயில் தட்டில் கொட்டியது. புதுச் செம்பு வாஷர் போட்டு மூடினாள். ஆயில் ஃபில்டரைக் கழற்றி, புதியதன் ரப்பர் விளிம்பில் விரலால் ஆயில் தடவி, கையாலேயே இறுக்கினாள். பிரேக் கட்டைகளை அளந்தாள். இன்னும் பாதிக்கு மேல் இருந்தது. காரை இறக்கி நிறுத்திப் புது ஆயில் ஊற்றினாள். பிறகு ஸ்பார்க் பிளக் நான்கையும் கழற்றி வரிசையாக வைத்தாள். பேக்கரிக்காரர் குனிந்து பார்த்தார்.

"நல்ல பொன்னிறம். பதமா வெந்திருக்கு."

"அதேதான்! கருப்பா இருந்தாதான் கோளாறு. பரவாயில்லையே, என்ஜின் கூட உங்களுக்குத் தெரியுது."

"அடுப்புன்னா எல்லாம் அடுப்புதான்" என்றார் அவர், பெருமை தாங்காமல்.

புது பிளக்குகள் ஏறின. சொல்கிறேன் கேளுங்கள், அந்த நேரத்தில் அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். மூக்கில் கறுப்பு, கன்னத்தில் கறுப்பு, காதுவரை சிரிப்பு. அவ்வளவு சந்தோஷம்.

கடைசி வேலை ஏர் ஃபில்டர். என்ஜினுக்குக் காற்று போகும் பெட்டியின் நான்கு திருகாணிகளையும் கழற்றி, மூடியைத் தூக்கிக் குழாயோடு ஓரமாகச் சாய்த்து வைத்தாள். புது ஃபில்டர் வீட்டுக்குள் இருந்தது. கையைக் கழுவிக்கொண்டு அதை எடுக்கப் போனாள். அவள் திரும்பி வருவதற்குள் பேக்கரிக்காரர் ஸ்கூட்டரில் ஏறிவிட்டார்.

"ரெண்டாவது அடுப்பு பிரெட்டை எடுக்கணும். போன கையோட வந்துடறேன்!"

அவள் ஃபில்டரை வைத்து, மூடியைக் கவிழ்த்து, நான்கு திருகாணிகளையும் முடுக்கினாள். மணி பத்து இருபது. நாற்பது நிமிடம் கைவசம். முகத்தைத் துடைத்துக்கொண்டு சுவருக்கு முன்னால் நின்று எண்ண ஆரம்பித்தாள். ஸ்பேனர் எட்டு. ஸ்க்ரூ டிரைவர் மூன்று. துணி ஒன்பது.

மறுபடி எண்ணினாள். ஒன்பதுதான்.

பாக்கெட்டைத் துழாவினாள். குப்பைக்கூடையைக் கவிழ்த்தாள். ஆயில் தட்டுக்குள் கம்பி விட்டுப் பார்த்தாள். கணவருக்குப் போன் செய்தாள். போன் ஷெட்டு அலமாரியிலேயே மணியடித்தது. தெருவுக்கு ஓடிப் பக்கத்து வீட்டுக்காரரைப் பிடித்தாள்.

"உங்க நாய் ஒரு நீலத்துணிய எடுத்துட்டு வந்துச்சா?"

"என் நாய் அந்த மாதிரி நாய் இல்லீங்க!" அவருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

பதினொன்றுக்கு ஏழெட்டு நிமிடம் இருக்கும்போது கொழுந்தன் வந்தார். கூடவே கார் வாங்க வந்தவர். அவர் செவப்பியை ஒரு சுற்று சுற்றி வந்து, "அடடா" என்றார். அந்த அடடாவைக் கேட்டதும் சிஸ்டரம்மா சாவியை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"என்ன அண்ணி, முடிச்சிட்டீங்களா? திருப்புங்க சாவிய!"

"ஒரு துணி குறையுது தம்பி."

"துணியா? அண்ணி, இது ஆஸ்பத்திரி இல்ல."

"எங்க போச்சுன்னு தெரியாம நான் சாவியத் திருப்ப மாட்டேன்."

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். உண்மையில் அவருக்கும் அண்ணி ஜெயிக்க வேண்டும் என்றுதான் ஆசை. "அஞ்சு நிமிஷம்தான் இருக்கு. கந்தல் துணி, எங்கயாவது பறந்து போயிருக்கும். ஒரே ஒரு திருப்பு, வண்டி உங்களுது. குடுங்க, நானே திருப்புறேன்."

சாவி அவள் கையில்தான் இருந்தது. கதவும் திறந்துதான் இருந்தது. உட்கார்ந்து திருப்ப எவ்வளவு நேரம்? பாழாய்ப்போன துணி, தெருவில்தான் எங்கேயாவது கிடக்கும் என்று மனம் கெஞ்சியது. அவள் கால் ஓரடி முன்னால் போனதும் உண்மை.

பிறகு, இருபத்தேழு வருடத்தில் பல பெரிய டாக்டர்களை வாயடைக்க வைத்த குரல் ஷெட்டுக்குள் எழுந்தது.

"எண்ணிக்கை சரியாகுற வரைக்கும் யாரும் எதையும் தொடக்கூடாது!"

கொழுந்தன் நீட்டிய கையை மடக்கிக்கொண்டார். வாங்க வந்தவர், தான் எதையும் தொடவில்லை என்பதுபோல இரண்டு கையையும் தூக்கிக் காட்டினார். மணி பதினொன்று அடித்தது. பந்தயம் போயிற்று. சிஸ்டரம்மாவின் கண் நிறைந்துவிட்டது. புறங்கையால் துடைத்தாள், கன்னத்தில் இன்னும் கொஞ்சம் கறுப்பு ஏறியது.

அழுதுகொண்டே ஸ்க்ரூ டிரைவரை எடுத்தாள். வெளியே தேடியும் எண்ணிக்கை சரியாகாவிட்டால் கடைசியாக மூடியதை முதலில் திற என்பது தியேட்டர் வழக்கம். ஏர் ஃபில்டர் பெட்டியின் நான்கு திருகாணிகளையும் கழற்றினாள். ஃபில்டரைத் தூக்கினாள். அடியில் ஒன்றுமில்லை. மூடியைத் திருப்பிப் பார்த்தாள். என்ஜினுக்குப் போகும் குழாயின் வாயில், உள்ளே தள்ளி, நீலமாக ஒரு முனை தெரிந்தது. பிடித்து இழுத்தாள். மடிப்புக் கலையாமல் வந்தது பத்தாவது துணி.

திருப்பியிருந்தால் என்ஜின் அதை உள்ளே இழுத்திருக்கும். கொழுந்தன் முகம் வெளுத்துப்போய், பக்கத்திலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

ஸ்கூட்டர் வந்து நின்றது. சூடான பன் பொட்டலத்தோடு உள்ளே வந்த பேக்கரிக்காரர், மனைவி கையிலிருந்த துணியைப் பார்த்து மலர்ந்தார்.

"அதுவா? நான்தான் வச்சேன். ஓட்டை திறந்து கிடந்துச்சு, தூசி விழுந்துடுமேன்னு நல்லா உள்ள வச்சு மூடினேன்." சுற்றி நின்ற முகங்களைப் பார்த்தார். "ஏன், மூடினது பத்தலையா?"

சிஸ்டரம்மா அவரைப் பார்த்த பார்வையில் பன் எல்லாம் மறுபடி வெந்திருக்கும். திட்டத்தான் வாயைத் திறந்தாள். ஆனால் அந்த அப்பாவி முகத்தைப் பார்த்ததும் சிரிப்புதான் வந்தது. சிரித்தாள், அழுதாள், காரைப் பிடித்துக்கொண்டு மறுபடி சிரித்தாள். பேக்கரிக்காரரும் எதற்கென்றே தெரியாமல் சேர்ந்து சிரித்தார்.

சிரித்து முடித்ததும் துணியை மற்ற ஒன்பதோடு வைத்து, சுவரில் பத்துக்கு நேரே ஒரு கோடு போட்டாள். பெட்டியை மூடி முடுக்கினாள். பிறகு சாவியைத் துடைத்து, கொழுந்தனின் உள்ளங்கையில் பட்டென்று வைத்தாள்.

"மணி தாண்டிடுச்சு தம்பி. பேச்சு பேச்சுதான்."

கொழுந்தன் சாவியைப் பார்த்தபடியே ஸ்டூலிலிருந்து எழுந்தார். வாங்க வந்தவரிடம் திரும்பி, "மன்னிச்சுக்கங்க, வண்டி விக்கிறதா இல்ல" என்றார்.

"நானும் அதத்தான் சொல்ல இருந்தேன்" என்றார் அவர். "ஏம்மா, என் வண்டிக்கும் ஆயில் மாத்தணும்..."

"அண்ணி," என்றார் கொழுந்தன். "பேச்சு மாறக்கூடாதுன்னு சொன்னவனே மாறுறேன். துணி உள்ள இருக்கையில திருப்பச் சொன்னவன் நான். இவளை வச்சுப் பாத்துக்கத் தெரியாதது எனக்குத்தான். கைய நீட்டுங்க."

அவளுக்குப் புரியவில்லை.

"நீட்டுங்க அண்ணி."

நீட்டினாள். உள்ளங்கையில் சாவி பட்டென்று விழுந்தது. இருபத்தேழு வருடம் கொடுத்தே பழகிய விரல்கள், அதை வாங்கி மூடிக்கொள்ள ஒரு நொடி தயங்கின. பிறகு இறுகின.

ஒரே திருப்பு. செவப்பி உறுமினாள். பக்கத்து வீட்டு நாய் குரைத்தது, பக்கத்து வீட்டுக்காரர் கோபத்தை மறந்து கைதட்டினார். பேக்கரிக்காரர் பன் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்தார். சிஸ்டரம்மா ஒரு பொத்தானை அழுத்த, காரின் துணிக்கூரை மெதுவாகப் பின்னால் மடங்கியது. தலைக்கு மேலே வானம் திறந்தது. அவர் அண்ணாந்து பார்த்தார். கை பரபரத்தது.

"இத மூடிக்கலாமா?"

"தொட்டீங்கன்னா இறக்கி விட்டுடுவேன்" என்றாள் சிஸ்டரம்மா. முதல் கியரைப் போட்டாள்.